வெள்ளிக் கழுகு: ஒரே எடை, ஒரே வெள்ளி, பல முகங்கள்

பூவா தலையா போட்டுப் பார்க்காத ஆள் யாருமே இருக்க முடியாது. ஆனால் கீழே விழுந்த காசைக் கையில் எடுத்து, அதைச் சுற்றி ஓடும் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு காசைப் போலவேதான் இன்னொரு காசும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கடைகளும் சந்தைகளும் நடக்கின்றன.

முதலீட்டுக்காக அடிக்கப்படும் வெள்ளிக் காசுகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். 'புல்லியன்' என்று சொல்லப்படும் இந்தக் காசுகளை வாங்குபவர் படத்துக்காக வாங்குவதில்லை. இத்தனை அவுன்ஸ், இத்தனை தூய்மை, இன்றைய வெள்ளி விலை இவ்வளவு... கணக்கு முடிந்தது. எல்லாக் காசும் ஒன்றுபோல இருப்பதுதான் புல்லியனின் பலமே.

ஆனால் அமெரிக்காவின் 'வெள்ளிக் கழுகு' காசின் வரலாற்றைப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. ஒரே எடை, ஒரே தூய்மை, ஒரே ஆண்டு. அப்படி இருந்தும் ஒன்றின் விலை வெள்ளியின் விலையோடு நிற்கிறது, பக்கத்தில் இருக்கும் இன்னொன்று அதைவிடப் பல மடங்குக்குப் போகிறது. காரணம் சில சமயம் ஒரு எழுத்தின் வளைவு. சில சமயம் அதுவும் கிடையாது, காசு வந்த பெட்டியின் மேல் இருந்த எண் மட்டும்தான்! இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பணத்தைக் கொடுத்தவர்கள் நிறைய. போலிக் காசை வாங்கி ஏமாந்தவர்கள் அதைவிட நிறைய.

வெள்ளி குவிந்திருந்த கதை

1980 ஜனவரியில் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் அதன் விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. மார்ச் இறுதிக்குள் 11 டாலர் அளவுக்குச் சரிந்தது. அந்த நேரத்தில் அமெரிக்க அரசின் பாதுகாப்புக் கையிருப்பில் சுமார் 14 கோடி அவுன்ஸ் வெள்ளி கிடந்தது. போர்க்காலத் தேவைக்கென்று சேர்த்து வைத்தது அது. அதில் பெரும்பகுதி இனித் தேவையில்லை, விற்றுவிடலாம் என்று ரீகன் அரசு முடிவு செய்தது.

ஐடஹோ மாநிலம் இதைக் கேட்டுக் கொதித்தது. வெள்ளிச் சுரங்கங்களை நம்பி வாழும் மாநிலம் அது. அரசே வெள்ளியை மொத்தமாகச் சந்தையில் கொட்டினால் விலை இன்னும் விழும், சுரங்கங்கள் மூடப்படும் என்பது அவர்கள் பயம். அந்த மாநிலத்தின் செனட்டர் ஜேம்ஸ் மெக்ளூர் ஒரு மாற்று வழி சொன்னார். கையிருப்பு வெள்ளியை அப்படியே விற்காமல், காசாக அடித்து மக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாமே!

பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1985 ஜூலை 9 அன்று ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் இந்த யோசனை இடம்பிடித்தது. 1986 அக்டோபர் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் முதல் காசு அடிக்கப்பட்டது. நவம்பர் மாதம் விற்பனைக்கு வந்தது. பழைய கையிருப்பு தீர்ந்துபோகும் நிலை வந்ததும், சந்தையில் வெள்ளி வாங்கிக் காசு அடிக்க 2002-இல் தனிச் சட்டமே போட்டார்கள். கையிருப்பைக் கரைக்கப் பிறந்த காசு, கையிருப்பு கரைந்த பிறகும் நிற்கவில்லை.

தலையும் பூவும்

காசின் விவரம் இதுதான். எடை ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். தூய்மை ஆயிரத்துக்கு 999. விட்டம் 40.6 மில்லிமீட்டர். முகமதிப்பு ஒரு டாலர். அந்த ஒரு டாலர் வெறும் பேருக்குத்தான், உள்ளே இருக்கும் வெள்ளி அதைவிடப் பல மடங்கு பெறும்.

தலைப் பக்கத்தில் நடந்து வரும் சுதந்திர தேவி. தோளில் கொடி போர்த்தி, உதிக்கும் சூரியனை நோக்கிக் கையை நீட்டியபடி நடக்கிறாள். இது அடோல்ஃப் வைன்மன் என்ற சிற்பி வடித்தது. 1916 முதல் 1947 வரை அமெரிக்காவின் அரை டாலர் காசில் இருந்த அதே உருவம். பூப் பக்கத்தில், மார்பில் கேடயம் தாங்கிய கழுகு, தலைக்கு மேலே 13 நட்சத்திரங்கள். இதைச் செய்தவர் நாணயச்சாலையின் சிற்பி ஜான் மெர்கான்டி.

1986 முதல் 2021-இன் நடுப்பகுதி வரை, மேலோட்டமாகப் பார்த்தால் இந்த இரண்டு படங்களும் மாறவே இல்லை. ஆனால் மேலோட்டமாகப் பார்க்காதவர்களும் இருந்தார்கள்.

மெருகு என்றால் என்ன?

ஒரே அச்சுப் படத்தைக்கூட வேறு வேறு மெருகில் அடிக்க முடியும். வெள்ளிக் கழுகில் முக்கியமான மெருகுகள் இவை.

முதலாவது, சாதாரண முதலீட்டுக் காசு. வேகமாக, லட்சக்கணக்கில் அடிக்கப்படுவது. இதை நாணயச்சாலை மக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அனுமதி பெற்ற பெரிய வியாபாரிகளுக்கு, 500 காசு கொண்ட பெட்டிகளாக விற்கிறது. ஒரு குழாயில் 20 காசு, ஒரு பெட்டியில் 25 குழாய். இந்தக் காசில் எந்த ஊரில் அடித்தது என்ற குறி இருக்காது.

இரண்டாவது 'ப்ரூஃப்'. மெருகேற்றிய வில்லையை, மெருகேற்றிய அச்சில் வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள். வெற்றிடம் கண்ணாடி போல மின்னும். உருவம் மட்டும் பனி படர்ந்தது போல வெளுத்து நிற்கும். இதில் பூப் பக்கத்தில், கழுகின் வாலுக்கு இடப்புறம் ஊர்க் குறி இருக்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு 'எஸ்', பிலடெல்பியாவுக்கு 'பி', வெஸ்ட் பாயின்டுக்கு 'டபிள்யூ'.

மூன்றாவது, 2006-இல் வந்த 'பர்னிஷ்ட்'. அடிப்பதற்கு முன்பே வெற்று வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள். காசு பட்டுத் துணி போல மங்கலான பளபளப்போடு இருக்கும். சாதாரணக் காசோடு இதைத்தான் எளிதில் குழப்பிக்கொள்வார்கள். ஊர்க் குறி இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

நான்காவது, அதே 2006-இல் 20-ஆம் ஆண்டு நிறைவுக்காக வந்த 'ரிவர்ஸ் ப்ரூஃப்'. பெயருக்கு ஏற்றபடி எல்லாம் தலைகீழ். வெற்றிடம் பனி போல, உருவம் கண்ணாடி போல. 2013-இல் இதற்கும் மேலே போய், கொடியின் மடிப்புக்கு ஒரு மெருகு, உடைக்கு ஒரு மெருகு என்று ஒரே காசில் கலந்து அடித்தார்கள்.

ஏன் இத்தனை வகை? முதலீட்டுக் காசை நாணயச்சாலை வெள்ளி விலைக்கு மேல் சிறிதளவு வைத்துத்தான் விற்கிறது. சேகரிப்போருக்கான காசில் கூடுதல் விலை வைக்கலாம். 2011-இல் 25-ஆம் ஆண்டுக்காக ஐந்து காசு கொண்ட தொகுப்பு 299.95 டாலருக்கு வந்தது. மொத்தம் 1,00,000 தொகுப்புகள். ஐந்து மணி நேரத்துக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

'டபிள்யூ' என்ற ஒரு குறி

குறி எவ்வளவு பெறும் என்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 1995. பத்தாம் ஆண்டையொட்டி, நான்கு தங்கக் கழுகு ப்ரூஃப் காசுகளோடு ஒரு வெள்ளிக் கழுகையும் சேர்த்து 999 டாலருக்கு விற்றார்கள். அந்த வெள்ளிக் காசில் வெஸ்ட் பாயின்டின் 'டபிள்யூ' குறி. தனியாகக் கிடைக்காது. வெள்ளி மட்டுமே சேகரித்துவந்தவர்கள், ஒரு காசுக்காகத் தங்கத்தையும் வாங்க வேண்டுமா என்று கோபப்பட்டார்கள். பலர் வாங்காமலே விட்டார்கள். விளைவு, விற்பனையானவை 30,125 மட்டுமே.

2013-இல் முழு மதிப்பெண் 70 பெற்ற அப்படிப்பட்ட ஒரு காசு ஏலத்தில் 86,000 டாலருக்கு மேல் போனது. பிறகு அதே மதிப்பெண் பெற்ற காசுகள் இன்னும் பல வெளிவர வெளிவர விலை இறங்கியது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. 30,125 என்ற எண்ணிக்கை மாறாது. ஆனால் '70 வாங்கியவை' என்ற எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடும். முதலாவது காசின் அரிய தன்மை, இரண்டாவது மதிப்பெண் சீட்டின் அரிய தன்மை.

அதே ஆண்டின் பிலடெல்பியா ப்ரூஃப் காசில் 'டபிள்யூ' குறியைச் செயற்கையாகச் சேர்த்து விற்கும் மோசடியும் இருக்கிறது. குறியைச் சுற்றி உலோகம் கீறப்பட்டிருக்கிறதா, ஒட்டிய தடயம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் இதை வாங்குவது ஆபத்து.

ஒரு எழுத்தின் குதிகால்

2008-இல் பூப் பக்க அச்சு லேசாகத் திருத்தப்பட்டது. படம் அதே படம்தான். எழுத்துகளில் மட்டும் சிறு மாற்றம். 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்தான ஆங்கில 'யூ'வைக் கவனியுங்கள். 2007 வரை அது ஒரு கிண்ணம் போல இருக்கும், அடியில் எந்த நீட்டலும் இருக்காது. 2008 முதல் அதன் வலது கால் கீழே இறங்கி, ஒரு சிறு குதிகால் போலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

2008 தேதியிட்ட காசில் குதிகால் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டின் வசந்தத்தில் சேகரிப்பாளர்கள் வித்தியாசமான ஒன்றைக் கண்டார்கள். வெஸ்ட் பாயின்டில் அடித்த சில பர்னிஷ்ட் காசுகளில், தலைப் பக்கத்தில் 2008 என்ற தேதி, பூப் பக்கத்தில் குதிகால் இல்லாத பழைய எழுத்து! பழைய அச்சு புதிய ஆண்டின் அச்சோடு ஜோடி சேர்ந்துவிட்டது. அப்படிச் சுமார் 47,000 காசுகள் அடிக்கப்பட்டதாக நாணயச்சாலை பிறகு ஒப்புக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் காசுகள் யாருக்கும் தெரியாமல் பதுக்கப்பட்டவை அல்ல. மற்ற காசுகளோடு கலந்து, அதே விலைக்குத்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பெட்டியைத் திறந்து பார்த்தவர் கையிலும் இருந்தது, திறக்காமல் அலமாரியில் வைத்தவர் கையிலும் இருந்தது. இருவருக்கும் இடையே வித்தியாசம் பார்த்தது மட்டுமே.

இல்லாத 2009

அதே 2008-இல்தான் உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டது. பயந்த மக்கள் வெள்ளி பக்கம் ஓடினார்கள். 2007-இல் சுமார் 90 லட்சமாக இருந்த முதலீட்டுக் காசுகளின் எண்ணிக்கை 2008-இல் இரண்டு கோடியைத் தாண்டியது. 2009-இல் மூன்று கோடியைத் தாண்டியது. அதற்கு ஏற்ப வெற்று வில்லைகள் கிடைக்கவில்லை. வியாபாரிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டி வந்தது.

மக்கள் கேட்கும் அளவுக்கு முதலீட்டுக் காசு அடித்தாக வேண்டும் என்பது அப்போதைய சட்டம். எனவே இருந்த வில்லைகள் எல்லாம் அதற்கே போயின. 2009-இல் ப்ரூஃபும் இல்லை, பர்னிஷ்டும் இல்லை. ப்ரூஃப் 2010-இல் திரும்பியது, பர்னிஷ்ட் 2011-இல் திரும்பியது. ஆகவே 2009 தேதியிட்ட வெள்ளிக் கழுகு ப்ரூஃப் என்று யாராவது ஒன்றை நீட்டினால், அது நாணயச்சாலை வெளியிட்டது அல்ல. பூதக்கண்ணாடிகூட வேண்டாம், வரலாறு தெரிந்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய வேறுபாடுகள். இனி வருவது வேறு ரகம்.

2015-இல் முதலீட்டுக் காசுகளின் விற்பனை 4 கோடியே 70 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டது. வேலைப்பளுவைச் சமாளிக்க, அந்த ஆண்டு பிலடெல்பியாவிலும் கொஞ்சம் அடித்தார்கள். மொத்தம் 79,640 காசுகள். இந்த விவரம் உடனே வெளியே வரவில்லை. தகவல் கோரும் சட்டப்படி கேட்ட பிறகு, 2017-இல்தான் தெரிந்தது.

காசில் குறி இல்லை. படத்தில் மாற்றம் இல்லை. மெருகிலும் மாற்றம் இல்லை. எங்கே அடித்தது என்பதற்கு ஆதாரம் சீல் உடைக்காத பெட்டியின் மேல் உள்ள வரிசை எண் மட்டுமே. அந்த எண்ணை வைத்துத் தரச்சான்று நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, 'பிலடெல்பியாவில் அடித்தது' என்று சீட்டு ஒட்டின. சீட்டு ஒட்டியதும் விலை ஏறியது.

2020 ஏப்ரலில் இதே கதை மீண்டும் நடந்தது. கொரோனாவால் வெஸ்ட் பாயின்ட் தற்காலிகமாக மூடப்பட்டபோது, பிலடெல்பியாவில் அவசரமாக 2,40,000 காசுகள் அடிக்கப்பட்டன. இவற்றையும் பெட்டியை வைத்துத்தான் பிரித்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தப் பிளாஸ்டிக் உறையை உடைத்து, காசை வெளியே எடுத்து, பத்து சாதாரணக் காசுகளோடு கலந்துவிட்டால் என்ன ஆகும்? உலகில் எந்த நிபுணராலும் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. குதிகால் இல்லாத 2008 காசை ஆயிரம் காசுகளோடு கலந்தாலும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

அதாவது முதலாவதில் வேறுபாடு காசில் இருக்கிறது. இரண்டாவதில் வேறுபாடு காகிதத்தில் இருக்கிறது. காகிதத்துக்கு விலை இல்லை என்று சொல்ல முடியாது. பங்குப் பத்திரம் முதல் காசோலை வரை வணிகமே காகித நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஆனால் தான் எதற்குப் பணம் தருகிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கா, அச்சுக்கா, சீட்டுக்கா? மூன்றுக்கும் மூன்று விலை.

2021: விளிம்பில் ஒரு வெட்டு குறைவு

35 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021-இன் நடுவில் பூப் பக்கம் மாறியது. கேடயக் கழுகு போய், ஓக் மரக் கிளையைச் சுமந்தபடி கூட்டில் இறங்கும் கழுகு வந்தது. வரைந்தவர் எமிலி டாம்ஸ்ட்ரா. தலைப் பக்கத்திலும் வைன்மனின் மூல வடிவத்துக்கு நெருக்கமாக நுணுக்கங்களைத் திருத்தினார்கள். எனவே 2021 என்ற ஒரே தேதியில் இரண்டு வகைக் காசுகள் உண்டு.

இன்னொரு மாற்றம் விளிம்பில். காசின் விளிம்பைச் சுற்றி வரிவரியாக வெட்டுகள் இருக்குமே, அதில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே ஒரு வெட்டை விட்டுவிட்டார்கள். விரலால் உருட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். போலிகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. காசைக் கவனித்துப் பார்க்கும்படி நாணயச்சாலையே வாங்குபவரிடம் சொல்வது போல இது.

கையில் வந்தால் எப்படிப் பார்ப்பது?

காசை எப்போதும் விளிம்பில் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் ரேகை பதிந்து, நாளாவட்டத்தில் கறையாகிவிடும். ஒரே விளக்கின் கீழ் காசை லேசாகச் சாய்த்துத் திருப்பினால் மெருகு தெரியும். வெற்றிடத்தில் முகம் பார்க்க முடிந்தால் ப்ரூஃப். உருவம் மின்னி வெற்றிடம் வெளுத்திருந்தால் ரிவர்ஸ் ப்ரூஃப். இரண்டும் இல்லாமல் ஊர்க் குறி மட்டும் இருந்தால் பர்னிஷ்ட்.

பிறகு தராசு. 31.1 கிராம் வர வேண்டும். விட்டம் 40.6 மில்லிமீட்டர் வர வேண்டும். மட்டமான உலோகத்தில் வெள்ளி முலாம் பூசிய போலியில் எடையும் அளவும் ஒருசேரச் சரியாக வருவது கடினம். காந்தத்தை அருகே கொண்டுபோனால் ஒட்டக் கூடாது.

கடைசியாக, தேதியையும் பூப் பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். 2007 அல்லது அதற்கு முந்தைய தேதியிட்ட காசில் குதிகால் வைத்த 'யூ' இருந்தால், அது போலி. அந்த ஆண்டில் அந்த அச்சே பிறக்கவில்லை! 2020 அல்லது அதற்கு முந்தைய தேதியில், கூட்டில் இறங்கும் கழுகு இருந்தாலும் அப்படியே. 2008 காசில் பழைய எழுத்து இருந்து, 'டபிள்யூ' குறியும் இருந்தால் அதிர்ஷ்டம். 'டபிள்யூ' குறி இல்லாமல் பழைய எழுத்து இருந்தால் இன்னும் ஒருமுறை சந்தேகப்பட வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் செய்யவே கூடாது. காசு கறுத்திருக்கிறதே என்று பல்பொடியோ, விபூதியோ போட்டுத் தேய்க்கக் கூடாது. வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரி. காசில் தேய்த்தால் மெருகு போய்விடும். பிறகு அது எந்த வகையாக இருந்தாலும் வெறும் வெள்ளியின் விலைக்குத்தான் போகும்.

சுரங்கத் தொழிலாளர்களின் வேலையைக் காப்பாற்றவும், அரசின் கையிருப்பைக் கரைக்கவும் தொடங்கிய காசு இது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அச்சு மாற்றம், வில்லைத் தட்டுப்பாடு, பெருந்தொற்று, போலிகள் என்று ஒவ்வொன்றும் அதில் ஒரு தடம் விட்டுப் போயிருக்கிறது. அந்தத் தடங்களில் சில வெள்ளியிலேயே பதிந்திருக்கின்றன, சில பெட்டியின் சீட்டில் மட்டும் இருக்கின்றன. வாங்கும் முன்பு அது எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொள்வது நல்லது. சீட்டுக்குத் தனி விலை கேட்டால், சீட்டு இல்லாமலும் அந்தக் காசு தன்னை நிரூபிக்குமா என்று ஒரு கேள்வி கேட்கலாம், தப்பில்லை!